மேல்மாடி வேலைக்கு ஒரு நற்சான்று

யாங்கோன், போட்டாதாங்
2018 ஜூன் 12

ஸமீரா,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். நான்கு வருஷம் பேசாதவளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. மெஸெஞ்சரில் நீ என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய், ஃபோன் செய்தால் எடுப்பதில்லை. அதனால் காகிதம். மோல்மேன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் வீட்டுக்காரரின் கயிற்றுக் கடை அவருக்குத் தெரியுமாம். கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழி.

நான் இப்போது ஸ்ட்ராண்ட் ரோட்டில், படகுத்துறைக்கு எதிரே, ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் சரக்குச் சீட்டு எழுதுகிறேன். கீழே கிடங்கு, முதல் மாடியில் நாங்கள். இரண்டாம் மாடிக்கு யாரோ குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. போன மாதம் ஒரு நாள் மேலிருந்து ஒரு பெண் குரல் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னது. என்ன பாஷை என்று பிடிபடவில்லை. பர்மியம் இல்லை, ஷான் இல்லை. எண்ணினேன், பதினான்கு தடவை. யாரைத் திட்டுகிறாள், யாருக்காக ஜெபிக்கிறாள் என்று தெரியாமல் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாப்பாட்டு வேளையில் படியேறிப் போய்க் கேட்டேவிட்டேன்.

அவள் ஒரு நாகா பெண். வெளிச்சத்தம் வராமலிருக்க மெத்தை விரிப்புகளைச் சுவரெங்கும் ஆணியடித்து, அதற்கு நடுவில் உட்கார்ந்து செய்தி பதிவு செய்துகொண்டிருந்தாள். அந்த வாக்கியத்துக்கு அர்த்தம், 'நாளை மறுநாள் ஆற்றுப்பாலம் மூடியிருக்கும், சுற்றிப் போங்கள்.' அவ்வளவுதான்! ஒரு இடத்தில் நாக்குத் தடுக்கிக்கொண்டே இருந்ததாம். அவள் ஊரில் பர்மிய ரேடியோ புரியாத ஜனங்கள் பாதி நாள் நடந்து பாலத்துக்கு வந்து, அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்களாம். அதற்காகத்தான் அந்தச் செய்தி.

அந்த இடத்தின் பெயர் மியே-அதான். மண்ணின் குரல் என்று அர்த்தம். நாகா, சின், கரென், காயா என்று ஏழு பூர்வகுடி இனத்தவர் சேர்ந்து, தங்கள் தங்கள் பாஷையில் செய்தியும் படமும் செய்கிறார்கள். லாபம் கிடையாது. யாராவது கொடுத்தால்தான் ஓடும். கதவில் ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது: நிதி திரட்டும் பிரிவுக்குத் தலைவர் தேவை.

விண்ணப்பம் போட்டுவிட்டேன். சிரிக்காதே.

இரண்டு பேர் நற்சான்று தரவேண்டும். ஒருவர் என் இப்போதைய முதலாளி. அவர் என்னை விட்டால் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இன்னொருவர், நான் கடைசியாக நிதி திரட்டிய நிறுவனத்தின் தலைவராக இருக்க வேண்டுமாம். மிங்கலா தாங்ஞுன்ட்டில் நம் இலவசக் கண் மருந்தகம்தான் அது. தலைவர் நீ.

எனக்கு நாற்பத்துமூன்று வயது. இன்னொரு தடவை இப்படி ஒரு கதவு என் தலைக்கு மேலேயே வந்து திறக்கும் என்று நினைக்கவில்லை. இந்த வேலை எனக்கு வேண்டும், ஸமீரா. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்ப வேண்டும்.

உன் அத்தா, பாரி மாமா, எப்படி இருக்கிறார்? கேட்க எனக்கு உரிமை உண்டோ இல்லையோ, கேட்டுவிட்டேன்.

நீலாம்பாள்


மோல்மேன்
2018 ஜூன் 19

நீலாம்பாளுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. அத்தா நலம்.

நற்சான்று கேட்டால் கொடுப்பேன். ஆனால் பொய் எழுத மாட்டேன். உண்மை எழுதினால் என்ன வரும் என்று உனக்கே தெரியும். 'பெயர் சொல்லக்கூடாது' என்று கேட்டுக்கொண்டு கொடுத்த ஒருவரின் பெயரை, மருந்தகத்தின் ஐந்தாம் ஆண்டு விழாவில் தெரு முழுக்கக் கேட்கும்படி மைக்கில் சொல்ல வைத்தாய். அவர் என் தகப்பனார். அடுத்த வாரத்துக்குப் பின் அவர் மருந்தகத்தின் வாசலை மிதிக்கவில்லை. டாக்டர் சம்பளம் அவர் கொடுத்து வந்தது. அது நின்றது. நீ போன ஆறு மாதத்தில் மருந்தகத்தை மூடினேன்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று அப்போது நான் கேட்கவில்லை. கத்தினேன், நீ போய்விட்டாய். இப்போது கேட்கிறேன். எழுது. படித்துவிட்டு முடிவு செய்கிறேன்.

இன்னொன்று. பூர்வகுடிகள் நடத்தும் இடத்தில் தமிழச்சியைத் தலைவராக வைப்பார்களா? உன் பாட்டன் ரயில்வே வேலைக்குக் கப்பலில் வந்தவர். அதை அவர்களிடம் சொன்னாயா? குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ஸமீரா


யாங்கோன்
2018 ஜூன் 24

அன்புள்ள ஸமீரா,

இந்தத் தடவை 'அன்புள்ள'வை அடிக்கவில்லை. நீ கேள்வி கேட்டிருக்கிறாய். அதுவே எனக்குப் பாதி வயிறு நிறைந்த மாதிரி.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். கப்பல் விஷயத்தை நானே சொன்னேன். அங்கே தலைவர் நோ எஸ்தர் என்று ஒரு கரென் அம்மா. ('நோ' அவர்களில் பெண்களுக்கான மரியாதை, பர்மியத்தில் 'தோ' போடுவது போல.) விண்ணப்பத்தில் 'உங்கள் இனம்' என்று ஒரு கட்டம் இருந்தது. தமிழ் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். பர்மியத்தில்தான் பேசினோம், உனக்காகத் தமிழில் போடுகிறேன்.

"நீங்க எங்க பட்டியல்ல இல்லியே?" என்றார்.

"யாரு பட்டியல்லயும் இல்லீங்க," என்றேன்.

சிரித்தார். ஆனால் அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நேர்முகத்தில் நிச்சயம் கேட்பார்கள். என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

இனி உன் முதல் கேள்வி. நீயும் இந்த ஊரில்தானே வளர்ந்தாய்? இங்கே தெருவோரத் தண்ணீர்ப்பானைக்குக்கூடக் கொடுத்தவர் பெயர் உண்டு. புத்தர் பகோடாவில் ஒவ்வொரு கூரை ஓட்டுக்கும் பெயர், நம் காளியம்மன் கோயிலில் மின்விசிறியின் இறக்கைக்கும் பெயர். பெயர் வராவிட்டால் கொடுத்தது சேரவில்லை என்று நினைக்கிற ஊர் இது. பாரி மாமா என்னிடம், "என் பேரு வேணாம்மா," என்றார். உண்மைதான், சொன்னார். ஆனால் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், ஸமீரா! பர்மாக்காரர்கள் ஆனாதே என்பார்களே, அடுத்தவருக்குச் சங்கடம் வேண்டாம் என்று, ஆசைப்பட்டதையே வேண்டாம் என்று மறுப்பது. அதைப் பழகித்தான் பதினைந்து வருஷம் வசூல் செய்தேன். நாடி வைத்தியர், அரிசிக்கடைக்காரர், எத்தனை பேர் "பேரெல்லாம் எதுக்கு?" என்றார்கள்! நம்பிப் பெயரை விட்டால் அடுத்த வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாமாவும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். அவர் பெயரை விட்டால்தான் மரியாதைக் குறைவு என்று நினைத்தேன்.

பட்டியலை எழுதி விழாவுக்கு முந்தின நாள் உன் மேசையில் வைத்துவிட்டுப் போனேன். நீ பார்க்கவே இல்லை என்று பிறகு சொன்னாய். காலையில் விழாவில் மைக் பிடித்த முரளிதரன் உன் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். நான் உன்னிடம் வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டும். அது என் தப்பு.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: 'நீங்கள் இழந்த ஒரு கொடையாளரைப் பற்றி எழுதுங்கள், ஏன் இழந்தீர்கள்?' பேனாவைக் கடித்துக்கொண்டு அரை மணி உட்கார்ந்திருந்தேன். பிறகு ஏதோ எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கண்டக்டரிடம் கொஞ்சம் லபெ தேயிலை ஊறுகாய் அனுப்புகிறேன். மாமாவுக்குப் பிடிக்கும். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம்.

நீலா


மோல்மேன்
2018 ஜூலை 3

நீலாம்பாள்,

'ஏதோ எழுதினேன்' என்றாயே, அது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

உன் நோ எஸ்தரிடமிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்திருக்கிறது. நீ எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். 'எங்கள் முக்கியக் கொடையாளர் வயது காரணமாக வியாபாரத்தை விட்டுவிட்டு வேறு ஊர் போய்விட்டதால் இழந்தோம்.' இது சரிதானா என்று என்னிடம் கேட்கிறார்.

வேறு ஊர் போனது உண்மை. ஆனால் போனதால் இழக்கவில்லை. இழந்த பிறகுதான் போனார். இதற்கு நடுவில் நீ செய்தது முழுதும் காணாமல் போய்விட்டது. அத்தா பக்கத்து அறையில் உயிரோடு உட்கார்ந்து நீ அனுப்பிய ஊறுகாயைத் தின்றுகொண்டிருக்கிறார், நீ அவரை ஒரு வரியில் ஊரைவிட்டு அனுப்பிவிட்டாய்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சம் அல்ல. அன்றைக்கே 'இது பொய்' என்று பதில் போட உட்கார்ந்தேன். போடவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. நீ போய் அவர்களிடம் சொல். நீ சொன்னாய் என்று எனக்குத் தெரிந்த பிறகுதான் நான் எழுதுவேன். அதற்குள் வேலை கைவிட்டுப் போனால் போகட்டும்.

ஆனாதே பற்றி நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஆட்களில் வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று சொல்லி வளர்ப்பார்கள். அத்தா 'வேண்டாம்' என்றால் எனக்கு அது வேண்டாம்தான். உனக்கு அதே வார்த்தை வேறு மாதிரிக் கேட்டிருக்கிறது.

ஸமீரா


யாங்கோன்
2018 ஜூலை 6

அன்புள்ள ஸமீரா,

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. படித்துவிட்டுச் சரக்குச் சீட்டுக் கட்டை அப்படியே மேசையில் போட்டுவிட்டு மேலே போனேன்.  பொய் சொல்லிப் பிடிபடுகிற வயதா எனக்கு?

நோ எஸ்தர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். "நான் எழுதுனது பொய்ங்க. அவரு ஊரை விட்டுப் போனதால நாங்க அவரை இழக்கல. பேரு வேணாம்னாரு. நான் பேரைச் சொல்ல வச்சேன். அதனாலதான் போனாரு."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். என்னுடைய விண்ணப்பத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். தள்ளிவிட்டார் என்று நினைத்தேன். "அடிச்சிட்டு எழுதுங்க," என்றார். அங்கேயே நின்று அடித்து எழுதினேன். அசிங்கமாக இருக்கிறது பக்கம். அதையே வைத்துக்கொண்டார். நேர்முகத்துக்கு இருபத்துமூன்றாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்.

படி இறங்கும்போதுதான் ஒன்று உறைத்தது. மாமாவுக்கு ஏன் பெயர் வேண்டாம்? நீ மார்க்கத்தைச் சொல்கிறாய். இருக்கலாம். ஆனால் பெயரை விரும்பாத வேறு பாய்மார்களும் கொடுத்திருக்கிறார்கள். யாராவது தெரியாமல் சொல்லிவிட்டால், "அடடா, எதுக்கும்மா?" என்று சொல்லிவிட்டு அடுத்த வருஷமும் வருவார்கள். மாமா மட்டும் ஏன் வாசலையே மிதிக்கவில்லை?

நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவரிடம் மட்டுமல்ல, யாரிடமும். பதினைந்து வருஷம் எத்தனையோ பேரிடம் 'கொடுங்கள்' என்று கேட்டிருக்கிறேன். ஏன் கொடுக்கிறீர்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. கொடுத்தால் போதும் என்று ரசீது எழுதப் போய்விடுவேன். ஒரு நாகா பெண் என்ன சொல்கிறாள் என்று தெரிந்துகொள்ள மாடி ஏறினவள், வாராவாரம் பார்த்த மனிதரிடம் கேட்கவில்லை பார்.

நீ கேட்டாயா? கேட்காவிட்டால் இப்போது கேட்பாயா? எனக்காக இல்லை. எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும், அவ்வளவுதான். சரி, எனக்காகத்தான்.

நீலா


மோல்மேன்
2018 ஜூலை 13

நீலா,

கேட்டேன்.

நான்கைந்து நாள் தள்ளிப்போட்டுவிட்டுத்தான் கேட்டேன். எங்கள் வீட்டில் அத்தாவிடம் 'ஏன்' என்று கேட்கிற வழக்கம் இல்லை. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது, கடையில் ஆள் இல்லை. கயிறு சுற்றிக்கொண்டே கேட்டேன்.

அவர் வியாழக்கிழமைதோறும் மருந்தகத்துக்கு வருவார், நினைவிருக்கிறதா? அங்கே அப்போதிருந்த தன் கடையிலிருந்து பஸ் பிடித்து, பழைய கைலியில் வருவார். உள்ளே வரமாட்டார். அங்கே நான் அவரை அத்தா என்று கூப்பிடவும் கூடாது என்று சொல்லியிருந்தார். நோயாளிகளோடு வெளிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவார். மேற்பார்வை பார்க்க வருகிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது பிடிக்காது. என்னை நம்பவில்லை என்று நினைப்பேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மேற்பார்வையா? நான் பேசிக்கிட்டிருக்கப் போவேன்மா. கடையில எல்லாரும் என்னை மொதலாளிம்பாங்க. பள்ளிவாசல்ல ஹாஜியாரும்பாங்க. அந்தப் பெஞ்சில நான் யாருன்னு யாருக்கும் தெரியாது. மாவ்பியிலேர்ந்து ரயில்ல கீரைக்கட்டு தூக்கிக்கிட்டு ஜெயம்மா வருவா. 'யோவ், தள்ளி உக்காருய்யா, எத்தனை வாரமாய்யா உன் கண்ணைப் பாப்பாங்க?'ன்னு சண்டைக்கு வருவா. எனக்கு அவ்வளவு சிரிப்பு வரும். உங்கம்மா போனதுக்கப்புறம் என்னை யோவ்னு கூப்பிட்டவ அவ ஒருத்திதான். மைக்ல பேரு சொன்னாங்கள்ல, அதுக்கு அடுத்த வியாழக்கிழமை போனேன். பெஞ்சே எந்திரிச்சு நின்னுச்சு. ஜெயம்மா முந்தானையால எடத்தைத் தொடைச்சுட்டு, 'உக்காருங்க மொதலாளி'ன்னா. அப்புறம் அங்க எதுக்குப் போறது?"

அவ்வளவுதான், நீலா. மார்க்கம் அல்ல, கோபம் அல்ல. உன்மேல் அவருக்குக் கோபமே இல்லை. "நீலாம்பாளா? நல்ல புள்ள. வாய் ஓயாது," என்கிறார். டாக்டர் சம்பளத்தை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். கோபத்தில் நிறுத்தவில்லையாம். நான்தான் அவரைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேனாம், எனக்கு அவர் பணம் வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்தாராம். அவரும் என்னைக் கேட்கவில்லை, நானும் அவரைக் கேட்கவில்லை.

இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. மருந்தகத்தை மூடிய அன்றைக்குக்கூட அழவில்லை.

நேர்முகம் முடிந்ததும் எழுது. என்ன கேட்டார்கள் என்று ஒன்று விடாமல் எழுது.

ஸமீரா


யாங்கோன்
2018 ஜூலை 24

அன்புள்ள ஸமீரா,

ஒன்று விடாமல் எழுதச் சொன்னாய். அதனால் முதலில், நான் என் ஒரே நல்ல பட்டு லுஞ்சியைக் கட்டிக்கொண்டு போனேன், படகுத்துறைச் சேறு முழங்கால் வரைக்கும் அடித்துவிட்டது. அப்படியே போய் உட்கார்ந்தேன்.

எதிரே நோ எஸ்தரும் ஸலாய் தாங் என்று ஒரு சின் இனத்துக்காரரும். அவர்தான் படப் பிரிவுக்குப் பொறுப்பு. முகத்தில் சிரிப்பே இல்லை. பின்னால் ஒரு ஸ்டூலில் நம் பாலத்து நாகா பெண்ணும் உட்கார்ந்திருந்தாள். இங்கே அது ஒரு வழக்கமாம். மேலே யாரை எடுத்தாலும், அவருக்குக் கீழே வேலை செய்யப்போகிற ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமாம்.

ஸலாய் தாங் கேட்டார். "ஒரு கம்பெனி ஒரு வருஷச் செலவு முழுக்கத் தர்றேங்குது. ஒவ்வொரு செய்திக்கு முன்னாடியும் அவங்க பேரைச் சொல்லணும். எங்க மலையில அந்தப் பேரைக் கேட்டா ரேடியோவை அணைச்சுடுவாங்க. நீங்க என்ன செய்வீங்க?"

பழைய நீலாவாக இருந்தால் பேரைச் சொல்லிவிட்டுப் போகலாமே என்றிருப்பேன். உன் கடிதம் வராமல் இருந்திருந்தால், வேண்டாம் என்று விடுவேன் என்று சொல்லி நல்லவளாகக் காட்டியிருப்பேன். நான் பெஞ்சுக் கதையைச் சொன்னேன். மாமா பெயரைச் சொல்லவில்லை, கவலைப்படாதே, ஒரு வியாபாரி என்றுதான் சொன்னேன். ஜெயம்மா இடத்தைத் துடைத்துக் கொடுத்ததையும் சொன்னேன். பிறகு, "கம்பெனிக்காரங்ககிட்ட பேரு ஏன் வேணும்னு கேப்பேன். மலையில இருக்கிறவங்ககிட்ட ஏன் அணைக்கிறீங்கன்னு கேப்பேன். ரெண்டையும் கேக்காம என்னால பதில் சொல்ல முடியாதுங்க," என்றேன்.

ஸலாய் தாங் விடவில்லை. "நீங்க எங்காளு இல்லை. எங்க பேருல எப்படிப் போய்க் கேப்பீங்க?"

இதற்குத்தான் நான் ஒரு மாதமாகப் பதில் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் பதில் வரவில்லை, கேள்விதான் வந்தது. "கேக்கறது எனக்குத் தெரியும். எதுக்காகக் கேக்கறோம்கிறது உங்களுக்குத் தெரியும். யாருகிட்டயும் போயி நிக்கறதுக்கு முன்னாடி, உங்க ஏழு இனத்தோடயும் உக்காந்து கத்துக்க எனக்கு எத்தனை மாசம் தருவீங்க?"

அவர் நோ எஸ்தரைப் பார்த்தார். பின்னாலிருந்து அந்த நாகா பெண், "எங்க ஊருக்கு நடந்து வருவாங்களா, கேளுங்க," என்றாள். வருவேன் என்றேன். எவ்வளவு தூரம் என்று தெரியாமல் சொல்லிவிட்டேன்.

இன்னும் ஒருத்தி போட்டியில் இருக்கிறாள். சின் பெண், வெளிநாட்டில் படித்தவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். நானாக இருந்தால் அவளைத்தான் எடுப்பேன்.

நோ எஸ்தர் வாசல்வரை வந்து ஒன்று சொன்னார். உன் நற்சான்று இன்னும் வரவில்லையாம். முப்பத்தொன்றாம் தேதிக்குள் வராவிட்டால் என் பெயரை எடுத்துவிடுவார்களாம். நான் உன்னை அவசரப்படுத்தவில்லை. இல்லை, அவசரப்படுத்துகிறேன். உள்ளதை எழுது. மோசமாக இருந்தாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

நீலா


மோல்மேன்
2018 ஜூலை 29

நீலா,

நேற்று அனுப்பிவிட்டேன். நீ போய் மாற்றி எழுதினாய் என்று தெரிந்த அன்றே அனுப்பியிருக்க வேண்டும். மூன்று வாரம் ஏன் இழுத்தடித்தேன் என்பது கீழே படித்தால் தெரியும். ஆங்கிலத்தில் எழுதியதை உனக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

'நீலாம்பாள் எங்கள் மருந்தகத்துக்காக ஐந்து வருஷம் நிதி திரட்டினார். அவர் கேட்டு இல்லை என்றவர்கள் குறைவு. கொடுத்தவர்களின் விருப்பத்தை அவர் எப்போதும் சரியாகப் புரிந்துகொண்டார் என்று சொல்ல முடியாது. ஒருவர் தன் பெயர் வேண்டாம் என்றதை மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு பட்டியலில் சேர்த்தார். அதனால் அவரை இழந்தோம். இதை உங்கள் விண்ணப்பத்தில் முதலில் மறைத்தார், நான் சுட்டிக்காட்டியதும் அன்றே வந்து திருத்தினார்.

ஆனால் அந்தப் பட்டியலுக்கு ஒப்புதல் தர வேண்டியவர் மருந்தகத் தலைவரான நான். அது விழாவுக்கு முந்தின நாள் என் மேசையில் இருந்தது. நான் படித்தேன். ஏழாவதாக என் தந்தையின் பெயர் இருந்ததைப் பார்த்தேன். அடிக்கவில்லை. பிறகு பார்க்கவே இல்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். பழி முழுவதும் நீலாம்பாள் மீது விழுந்தது. நான்கு வருஷமாக அதை நான் எடுக்கவில்லை. நீங்கள் அவரை வேலைக்கு எடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். நான் அவரை விட்டிருக்கக் கூடாது.'

இவ்வளவுதான் எழுதினேன். 

ஸமீரா


யாங்கோன்
2018 ஆகஸ்ட் 7

ஸமீரா,

வேலை கிடைத்துவிட்டது. ஆறு மாதம் எல்லாரோடும் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம், அதுவரை யாரிடமும் போய் ஒரு கியாட்கூடக் கேட்கக்கூடாது என்று நிபந்தனை. அந்தச் சின் பெண்ணையும் எடுத்துக்கொண்டார்கள், படப் பிரிவுக்கு. நோ எஸ்தர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க தலைவர் உங்களைப் பத்தி எழுதச் சொன்னா, தன்னைப் பத்தி எழுதியிருக்காங்க."

சந்தோஷமாக எழுத வேண்டிய கடிதம் இது. முடியவில்லை.

நான்கு வருஷம், ஸமீரா! மிங்கலா தாங்ஞுன்ட்டில் நான் காய்கறி வாங்கப் போனால், "இவதான் பேரைச் சொல்லி ஆஸ்பத்திரியையே மூட வச்சவ," என்பார்கள். நான் கோயில் வசூல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். என் கைக்கு ராசி இல்லை என்று நானே நம்பினேன். சரக்குச் சீட்டு எழுதப் போனது அதனால்தான், தெரியுமா உனக்கு? ஒரு தடவை நீ வாயைத் திறந்திருந்தால் போதும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, உனக்குக் கேட்குமோ என்னவோ, நன்றாகத் திட்டினேன். அந்த நாகா பெண் கதவைத் திறந்து, பதிவில் என் சத்தம் விழுகிறது என்றாள்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். பொய் எழுதுவதை விட்டுவிட்டேன்.

ஆனால் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். மாமா வேண்டாம் என்றார், நீயும் அதை நம்புகிறவள். அப்படி இருக்க, ஏழாவது பெயரைப் பார்த்த பிறகும் ஏன் விட்டாய்? மறுநாள் முரளிதரன் மைக்கில் அந்தப் பெயரைச் சொன்னபோது நீ எங்கே நின்றுகொண்டிருந்தாய்? உனக்கு எப்படி இருந்தது? உள்ளதைச் சொல்.

நீலாம்பாள்


மோல்மேன்
2018 ஆகஸ்ட் 14

நீலா,

கேட்டதற்குப் பதில்.

எங்கள் சொந்தத்தில் அத்தாவைக் கருமி என்பார்கள். என் மாமியார் என் முகத்துக்கு நேரே சொல்வார். ஒரே கைலி, பஸ் பயணம், கல்யாணத்துக்குப் போனால் சின்ன மொய். அவர் வருஷா வருஷம் என்ன கொடுக்கிறார் என்று எனக்குத் தெரியும், என் உம்மாவுக்குத் தெரியும். வெளியே சொல்லக்கூடாது என்று இருவர் வாயையும் கட்டிப்போட்டிருந்தார். உம்மா அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

பட்டியலில் பெயரைப் பார்த்தேன். அடிக்கப் பேனாவை எடுத்தேன். மாமியாரும் விழாவுக்கு வருவார் என்று நினைவு வந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பெரிய கொடை என்பதால் முரளிதரன் வழக்கப்படி மூன்று தடவை சொன்னார். ஒவ்வொரு தடவைக்கும் தெருவே 'தாது, நல்லது நல்லது' என்று வாழ்த்தியது. இனித்தது, நீலா. என் வாழ்க்கையில் எதுவும் அவ்வளவு இனித்ததில்லை. இன்னொரு தடவை சொல்லமாட்டாரா என்று நின்றேன்.

அடுத்த வியாழக்கிழமை அத்தா போன வேகத்தில் திரும்பி வந்து, யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நான் செய்தது என்ன என்று எனக்கு அப்போது தெரிந்தது. யார்மேலாவது கோபப்பட்டே ஆகவேண்டும் போலிருந்தது. நீதான் பக்கத்தில் இருந்தாய்.

ஸமீரா